பழுப்பேறிய வாட்டர்மேன் 52: பாலிஷ் போடலாமா, அப்படியே விடலாமா?

மயிலை மைப்புட்டி:

வணக்கம். ஒரு பழைய வாட்டர்மேன் 52 மைப்பேனா வாங்கியிருக்கிறேன், வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் எடுத்தது. படத்தில் கறுப்பாகத் தெரிந்தது, பார்சலைப் பிரித்தால் ஆறிப்போன டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கிறது. மூடிக்குள் மறைந்திருந்த கழுத்தும் (நிப்புக்குப் பின்னால் விரல் பிடிக்கிற இடம்) மரையும் மட்டும் இன்னும் நல்ல கறுப்பு. உடல் முழுக்க அலை அலையாக மெல்லிய கோடு வெட்டியிருக்கிறார்கள், கம்பெனி பெயரும் உலக உருண்டை முத்திரையும் லென்ஸ் வைத்தால் படிக்க முடிகிறது. அடிப்பக்கம் 52 என்று எண் பொறித்திருக்கிறது. நிப் தங்கம், வளையாமல் முறியாமல் இருக்கிறது, நகத்தில் லேசாக அழுத்தினாலே விரிகிறது. ஆனால் மை நிரப்பத் தூக்குகிற பக்கவாட்டு லீவர் அசையவே இல்லை.

கேள்வி இதுதான். லீவரை எப்படிச் சரிசெய்வது, நானே செய்யலாமா அல்லது யாரிடமாவது கொடுக்க வேண்டுமா? இந்தப் பழுப்பை பாலிஷ் போட்டு எடுக்கலாமா? யூட்யூபில் ஒருவர் பளபளவென்று ஆக்கிக் காட்டுகிறார், கை அரிக்கிறது. அப்புறம் இதைத் தினமும் ஆபீசுக்கு எடுத்துப்போக மனசு வராது என்பதால், கூடவே கையால் கடைந்த எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா ஒன்று ஆர்டர் கொடுக்கலாம் என்று யோசனை. இப்போது தினசரி ஓடுவது பைலட் மெட்ரோபாலிடன், மை பிரில் ராயல் புளூ. கஸ்டம் பேனா பற்றி ஒன்றும் தெரியாது, என்ன கேட்டு வாங்க வேண்டும் என்றுகூடத் தெரியாது.

பழைய நிப்:

முதலில் லீவரிலிருந்து கையை எடுங்கள். "கொஞ்சம் அழுத்தித்தான் பார்ப்போமே" என்கிற ஆசைதான் இந்தப் பேனாக்களுக்கு எமன். உள்ளே மை பிடிக்கும் ரப்பர் பை இத்தனை வருஷத்தில் கெட்டியாகிக் கல் மாதிரி ஆகியிருக்கும், லீவர் அதன்மேல் முட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். பலமாகத் தூக்கினால் லீவர் முறியும், அல்லது உடலில் விரிசல் விடும். வாட்டர்மேனில் லீவர் ஒரு சின்ன உலோகப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும், அந்தப் பெட்டி உடலில் வெட்டிய பிளவுக்குள் பிடித்திருக்கும். அது பிடுங்கிக்கொண்டால் திரும்ப உட்கார வைப்பது பெரிய தலைவலி.

இரண்டாவது, தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். அறுபது எழுபதுகளின் பிளாஸ்டிக் பேனாவுக்குப் பரவாயில்லை, உங்களுடையது மாதிரிப் பழைய எபோனைட்டுக்குத் தண்ணீர் ஆகாது. இப்போது டிகாக்‌ஷன் என்கிறீர்கள், ஒரு ராத்திரி ஊறினால் பச்சையும் மஞ்சளும் கலந்து வேறு ஒரு நிறத்துக்குப் போய்விடும், அதுவும் திட்டுத் திட்டாக.

கழற்ற உலர்ந்த சூடுதான் சரி. இந்த மாடலில் கழுத்துக்கு மரை கிடையாது, இறுக்கிச் செருகியதுதான். ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கழுத்து உடலில் நுழையும் இடத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள், பேனாவை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையில் பிடிக்க முடிகிற சூடு போதும். அப்புறம் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிப் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெதுவாகத் திருகி ஆட்டுங்கள், நேராக இழுக்காதீர்கள். அசையவில்லையா, கீழே வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து திரும்பச் சூடு காட்டுங்கள். முதல் முறையே வந்தால் அதிர்ஷ்டம். பொறுமையில்லாதவர்கள் கட்டிங் பிளேயரை எடுப்பார்கள், அந்தப் பல் தடம் பதிந்த பேனாக்கள் ஏலத்தில் மலிவாக வரும், பார்த்திருப்பீர்கள்.

கழன்றால் உள்ளேயிருந்து பை பொறிப்பொறியாகக் கொட்டும். எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள், மூலையில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் புதுப் பையைக் குத்தும். கழுத்தின் பின்னால் பை மாட்டுகிற காம்பையும் பல்குத்தியால் சுத்தம் செய்யுங்கள். புதுப் பை வாங்கும்போது எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், 16 என்றால் ஒரு அங்குலத்தில் 64-ல் 16 பங்கு, அதாவது கால் அங்குலக் குறுக்களவு. 18, 20 எல்லாம் இதே கணக்கு. உடலுக்குள் உரசாமல் போகிற பெரிய அளவை எடுங்கள். ஒட்டுவதற்கு அரக்குதான், மரச்சாமானுக்கு பிரெஞ்சு பாலிஷ் போடுகிற அதே ஷெல்லாக். பெவிக்விக் போட்டீர்கள் என்றால் அடுத்த முறை திறக்கப் போகிறவர் உங்களைச் சபிப்பார். ஷெல்லாக் சூட்டுக்கு இளகும், அதனால்தான் இத்தனை வருஷமாக அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். பைமேல் வாசனை இல்லாத சுத்தமான டால்க் பவுடரைத் தடவிச் செருகுங்கள், உள்சுவரில் ஒட்டாது.

இதை நீங்களே செய்யலாம். நிப்பை மட்டும் இப்போது பிடுங்காதீர்கள், அது அடியிலிருந்து மை கொண்டுவருகிற நாக்கட்டையோடு இறுகியிருக்கும், அவசியம் வந்தால் பார்க்கலாம்.

கடைசல் பட்டறை:

பாலிஷ் விஷயத்தில் என் கட்சி வேறு, திட்டினாலும் பரவாயில்லை. பேனா எழுதுவதற்கு. பழுப்பாக, கையில் எடுத்தால் கந்தக வாடை அடிக்கிற ஒரு பொருளை எதற்காக அப்படியே கும்பிட வேண்டும்? மைக்ரோமெஷ் என்கிற நுண்ணிய தேய்ப்புப் பட்டைகளில் 1500-ல் ஆரம்பித்து 12000 வரை போனால் எபோனைட் கண்ணாடி மாதிரி வரும், உள்ளே இருக்கிற கறுப்பு அப்படியே இருக்கிறது, மேல் தோல்தான் போய்விட்டது. நான் லேத்தில் தினமும் எபோனைட் கடைகிறவன், அந்தப் பொருளின் அழகே மினுமினுப்புதான். விற்க வாங்கவில்லை என்றால் யாருக்கு என்ன நஷ்டம்?

எபோனைட் பைத்தியம்:

பட்டறைக்காரரோடு சண்டை போட வரவில்லை, அவர் சொல்வது வழவழப்பான பேனாவுக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் மயிலை நண்பரின் பேனாவில் கோடு வெட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார், அதைக் கவனிக்கவில்லையா? அந்தக் கோடுகளின் ஆழம் ஒரு முடி அளவுகூட இருக்காது. மேல் தோலை எடுக்கிறேன் என்று தேய்த்தால் பழுப்போடு கோடும் போகும், முத்திரையும் போகும். அப்புறம் கையில் இருப்பது எந்தக் கம்பெனி என்றே தெரியாத கறுப்புக் குச்சி. லென்ஸில் படிக்க முடிகிற அளவுக்கு முத்திரை இருப்பதே பெரிய விஷயம், இந்த மாடலில் பாதிப் பேனாக்களில் விரல் பட்டுத் தேய்ந்துபோயிருக்கும்.

பழுப்பு ஏன் வருகிறது என்று தெரிந்தால் ஆசை கொஞ்சம் அடங்கும். எபோனைட் என்பது ரப்பரோடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கந்தகம் சேர்த்து நீண்ட நேரம் சூடாக்கிக் கெட்டியாக்கியது. 1851-ல் நெல்சன் குட்இயர் காப்புரிமை வாங்கினார், டயர் பெயரில் நாம் கேள்விப்படுகிற சார்லஸ் குட்இயரின் தம்பி. வெளிச்சமும் ஈரமும் படும்போது மேற்பரப்புக் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல அமிலமாக மாறுகிறது, அதுதான் அந்த வாடை, அதுதான் பழுப்பு. மூடிக்குள் இருந்த இடம் கறுப்பாக இருப்பதற்கும் அதுவே காரணம், வெளிச்சம் போகவில்லை. நீங்கள் பாலிஷ் போட்டு எடுத்தாலும் மேசைமேல் ஜன்னலோரம் வைத்தால் திரும்பப் பழுக்கத்தான் போகிறது, எத்தனை தடவை தேய்ப்பீர்கள்?

கறுப்புச் சாயம் மாதிரி பூசுகிற திரவங்களும் கிடைக்கின்றன, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பூசியதைச் சொல்லாமல் விற்கிறவர்கள்தான் அதிகம். அதனால்தான் அநியாயத்துக்குக் கறுப்பாக இருக்கிற 1920-களின் பேனாவைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம் வரும். நல்ல விற்பனையாளர் மூடியைக் கழற்றி மறைவிடத்தின் நிறத்தையும் வெளி நிறத்தையும் ஒரே படத்தில் காட்டுவார். அடுத்த முறை வாங்கும்போது அந்தப் படத்தைக் கேளுங்கள்.

நான் செய்வது இவ்வளவுதான்: லேசாக ஈரப்படுத்தி நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, உடனே உலர்ந்த துணி, அப்புறம் இருட்டான டிராயர். லீவர், கிளிப் போன்ற உலோகத்தை மட்டும் பாலிஷ் துணியால் தேய்க்கலாம், எபோனைட்டில் படாமல்.

ஒரு கூடுதல் செய்தி. ஷீஃபர் கம்பெனி 1924-ல் செல்லுலாய்டு என்கிற பிளாஸ்டிக்குக்கு மாறியது, பார்க்கர் டுவோஃபோல்டும் இரண்டு வருஷத்தில் பின்னால் போனது. வாட்டர்மேன் மட்டும் ரப்பரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வியாபாரத்தில் அதற்கு அடி விழுந்தது உண்மை, ஆனால் அந்த ரப்பரில்தான் சிவப்பும் கறுப்பும் அலையாடுகிற ரிப்பிள் பேனாக்கள் நமக்குக் கிடைத்தன. கையில் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள், அவற்றில் பழுப்பு உறுத்தாது.

கடைசல் பட்டறை:

சரி, கோடு வெட்டியிருப்பதை நான் படிக்கவில்லை. அப்படியென்றால் தேய்க்க வேண்டாம். வழவழப்பான பேனா விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

மயிலை மைப்புட்டி:

நன்றி எல்லோருக்கும். பாலிஷ் ஆசையை விட்டாச்சு. கழுத்து கழன்றுவிட்டது, இரண்டு நாள் மாலையில் உட்கார்ந்து சூடு காட்டியதில் வந்தது. பை உண்மையாகவே காய்ந்த மிளகுத்தூள் மாதிரிக் கொட்டியது, தும்மல்தான் வரவில்லை. 16-ம் எண் பை சொல்லியிருக்கிறேன்.

இப்போது கஸ்டம் பேனா. அப்புறம் இன்னொன்றும் கேட்க வேண்டும், இந்த விரியும் நிப்பை வைத்துத் தமிழ் எழுதினால் எப்படி இருக்கும்? யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

திருவள்ளூர் ரயில்:

கஸ்டம் பேனா என்றால் நாம் கொடுத்துவைத்தவர்கள், வெளிநாட்டுக்காரர்கள் இங்கே ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஜெம் அண்ட் கோ, அவர்களுடைய காமா பேனாக்கள். திருவள்ளூரில் ரங்கா. ஹைதராபாத்தில் டெக்கான். ராஜமுந்திரியில் ரத்னம், கைடர் இரண்டும். இதில் ரத்னம் சுதேசிக் காலத்துப் பேனா, காந்தியிடமிருந்தே 1935-ல் கடிதம் வாங்கியவர்கள். எது உசத்தி என்று கேட்காதீர்கள், வேறு சண்டை ஆரம்பிக்கும். ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு வடிவம் பழக்கம், அவர்கள் மாடல்களின் படங்களைப் பார்த்து எது உங்கள் கைக்கு உட்காரும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் மெட்ரோபாலிடனை எடுத்து, எழுதும்போது விரல் பிடிக்கிற இடத்தின் தடிமனை ஒரு ஸ்கேலில் அளந்து வையுங்கள். பெரும்பாலானவர்கள் மொத்த நீளத்தையும் நிறத்தையும் மட்டும் சொல்கிறார்கள், வந்த பேனா கையில் நிற்காமல் போவதற்குக் காரணம் எப்போதுமே கழுத்தின் தடிமன்தான். மெலிதாக வேண்டுமா, கீழே விரிந்து முடிய வேண்டுமா, விரல் படுகிற இடத்தில் மூடியின் மரை வராமல் இருக்குமா, இதையெல்லாம் வாயைத் திறந்து கேளுங்கள். கையால் கடைகிறார்கள், மாற்றச் சொன்னால் மாற்றித் தருவார்கள், அதற்குத்தானே கஸ்டம்.

மை நிரப்பும் முறை அடுத்தது. நம் ஊர்ப் பாரம்பரியம் உடலுக்குள்ளேயே நேராக இங்க் ஃபில்லரால் மை ஊற்றுவது. ஒரு தடவை ஊற்றினால் வாரக்கணக்கில் ஓடும், பழுதாக ஒன்றும் இல்லை. ஆனால் சென்னை வெயிலில் இதற்கு ஒரு குணம் உண்டு. மை பாதிக்குக் கீழே இறங்கியதும் மீதி இடத்தில் காற்றுதான், கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை நிப் வழியே தள்ளும், தாளில் ஒரு பெரிய சொட்டு. எபோனைட்டின் கனமான சுவர் கொஞ்சம் தாங்கும், முழுதாகத் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு வரும்போதே நிரப்பிவிட்டால் தொல்லை இல்லை. மரையில் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு, வாசலின் வேண்டாம். தினமும் ஆபீஸ், வெள்ளைச் சட்டை என்றால் கன்வெர்ட்டர் (உள்ளே செருகி மை உறிஞ்சுகிற சின்னக் குழாய்) போடுகிற மாதிரியே கேளுங்கள், அதையே கழற்றிவிட்டு நேராகவும் மை ஊற்றலாம் என்கிற அமைப்பும் செய்து தருகிறார்கள்.

நிப்பில்தான் பணம் போகும், போகட்டும். ஜெர்மனியின் ஜோவோ, பாக் இரண்டும் நம்பிக்கையானவை, முறுக்கிப் போடுகிற தொகுப்பாக வரும், அகல நிப் வேண்டுமென்றால் பின்னால் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். இரண்டிலும் 6-ம் எண் அளவு நிப் இருக்கிறது, ஆனால் மரை வேறு வேறு, ஒன்றுக்கு வெட்டிய கழுத்தில் மற்றது போகாது. எதற்கு வெட்டப்போகிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்திய நிப்பும் எபோனைட் நாக்கட்டையும் செருகிய பேனா விலை குறைவு, மை தாராளமாக இறங்கும். சில நேரம் நிப்புக்கும் நாக்கட்டைக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், எழுத எழுத மை நின்றுபோகும். இரண்டையும் வெளியே எடுத்து, சுடுதண்ணீரில் நாக்கட்டையை இளக்கி நிப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் நாக்கட்டையில் இந்த வேலை நடக்காது. பழைய ஆட்கள் எபோனைட்டை விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், மையைப் பிடித்து வைக்கிற குணமும் அதற்குக் கூடுதல். "இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி" என்று பொறித்த நிப்பைக் காட்டி ஜெர்மன் நிப் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், அந்த எழுத்தை எந்த நாட்டில் வேண்டுமானாலும் பொறிக்கலாம்.

பேனா வந்ததும் மூடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மை நிரப்பி, மூடி, இரண்டு நாள் படுக்க வைத்துவிட்டு எடுத்தவுடன் எழுதுகிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு பட்டறையிலிருந்து வந்த பேனா, பார்க்க அத்தனை அழகு, காலையில் எடுத்தால் நிப் காய்ந்து கிடக்கும். மூடிக்குள் காற்று புகுந்துகொண்டிருந்தது. திருப்பி அனுப்பிச் சரிசெய்து வாங்க நாக்குத் தள்ளிவிட்டது. அதனால் பணம் கட்டும் முன்பே, காய்ந்தால் சரிசெய்து தருவீர்களா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

அப்புறம் புது எபோனைட்டும் வெயிலில் வைத்தால் நிறம் மங்கும், மேலே பைத்தியம் சொன்ன அதே காரணம். கார் டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள்.

மதுரை மூலை:

தமிழுக்கு விரியும் நிப் எப்படி என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் எழுதுகிறேன். நேர்மையாகச் சொன்னால் வேகமாக எழுத அது ஒத்துவராது. அந்த நிப் கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் விரியும், மேலே போகும்போது மெலியும், சாய்வாக எழுதுகிற ஆங்கிலக் கையெழுத்துக்காகச் செய்தது. நம் எழுத்தில் வட்டம் எல்லாப் பக்கமும் சுழல்கிறது. ண, ஞ, இ எழுதும்போது மேல்நோக்கித் தள்ளுகிற இடத்தில் கூர் நுனி தாளைக் கீறும், மை தெறிக்கும். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கி, மெதுவாக, வழவழப்பான தாளில் எழுதினால் க-வின் நடுக்கோடும் ப-வின் பக்கக் கோடும் தடித்து மற்றதெல்லாம் இழையாக வரும்போது பிரமாதமாக இருக்கும். கல்யாண அழைப்பிதழ் உறையில் பெயர் எழுத வைத்துக்கொள்ளுங்கள், மளிகைச் சீட்டுக்கு வேண்டாம். ரொம்ப விரிக்கவும் வேண்டாம், நூறு வருஷத் தங்கம், ஒரு தடவை அளவு மீறி வளைந்தால் பழைய நிலைக்கு வராது. நிப்பின் நடுவிலுள்ள மூச்சுத் துளையிலிருந்து ஓரமாக விரிசல் ஓடுகிறதா என்று முதலில் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்.

கஸ்டம் பேனாவுக்குத் தமிழ்தான் அதிகம் எழுதுவீர்கள் என்றால் மெல்லிய நிப் எடுங்கள். அகல நிப்பில் சின்ன எழுத்து எழுதினால் ண, ஞ, ழ எல்லாவற்றின் கண்ணும் மையில் அடைத்துக்கொள்ளும். ஜெர்மன் எஃப் (ஃபைன்) நிப், உங்கள் பைலட்டின் எஃப் அளவுக்கு மெலிதாக இருக்காது, ஜப்பான்காரர்கள் ஒரு படி மெலிதாகத்தான் அரைப்பார்கள். பைலட் அளவு பழகியிருந்தால் ஜோவோவில் எக்ஸ்ட்ரா ஃபைன் கேளுங்கள்.

எபோனைட் பைத்தியம்:

மதுரைக்காரர் சொன்னதை வழிமொழிகிறேன். வாட்டர்மேன் என்றதும் யாராவது அந்தக் கதையைச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் லூயிஸ் வாட்டர்மேனின் பேனா ஒப்பந்தத்தில் மை கொட்டி வியாபாரம் போனது, கோபத்தில் புதுப் பேனா கண்டுபிடித்தார் என்பது. 1884-ல் அவர் காப்புரிமை வாங்கியது உண்மை. மை கொட்டிய கதைக்கு ஆதாரம் கிடையாது, நல்ல விளம்பரம்.

மயிலை மைப்புட்டி:

மிகவும் நன்றி. கழுத்துத் தடிமன் அளந்துவிட்டேன். எக்ஸ்ட்ரா ஃபைன், கன்வெர்ட்டர், மரை விரலில் படாமல், மூடி சோதனை, எல்லாம் குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை பாரிமுனை போய் நேரில் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். 52-க்குப் பை மாட்டியதும் எந்த மை போடலாம்? பிரில் பரவாயில்லையா?

பழைய நிப்:

பரவாயில்லை, சாதாரண ராயல் புளூ எதுவும் போடலாம். டிராயிங் இங்க், இந்தியன் இங்க் பக்கம் போகாதீர்கள், நாக்கட்டையில் உறைந்தால் கழுவி எடுப்பது நரகம். பளபளப்புத் துகள் கலந்த மையும் இதில் வேண்டாம், கஸ்டம் பேனாவில் விளையாடுங்கள். ஷெல்லாக் பூசியதும் அவசரப்பட்டு மை நிரப்பாமல் ஒரு இரவு காய விடுங்கள். முதல் தடவை மைக்குப் பதிலாகத் தண்ணீரை இழுத்துப் பாருங்கள், லீவரை மெதுவாகத் தூக்கி மெதுவாக விட வேண்டும், விட்டபின் நிப்பை உடனே வெளியே எடுக்காமல் பத்து எண்ணுங்கள். பை ஊதி எழும்ப நேரம் எடுக்கும். தண்ணீர் கழுத்து இடுக்கில் கசியவில்லை என்றால் மை ஊற்றலாம்.